குனிந்தால் ஓடும் நாய்: பயந்த நாயோடு பழக ஒரு முழு வழிகாட்டி

கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணத்தை ஒட்டி எங்களுக்கு ஒரு சின்ன மாந்தோப்பு இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன்னால், பெங்களூரா காய் பறித்து முடிந்த சமயத்தில், மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் ஒரு செவலை நிறப் பெட்டை நாய் வந்து சேர்ந்தது. ஒரு வயதுக்குள் இருக்கும். சோறு வைத்தால் நாங்கள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திய பிறகுதான் வந்து தின்னும். ஒருநாள் செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்தேன். அவ்வளவுதான். முள்வேலியில் முதுகு கிழிந்ததைக்கூடப் பார்க்காமல் ஓடியது.

"நாயைக் கண்டால் கல்லைக் காணோம், கல்லைக் கண்டால் நாயைக் காணோம்" என்பதற்குப் பெரியவர்கள் என்னென்னவோ தத்துவம் சொல்வார்கள். நாயைக் கேட்டால் அதற்குத் தெரிந்தது ஒன்றுதான்: குனிகிற ஆள் கல் எடுக்கிற ஆள். வெளிநாட்டுக் காணொளிகளில் "பயந்த நாயிடம் குனிந்து, உடம்பைச் சுருக்கிக்கொண்டு கூப்பிடுங்கள்" என்று சொல்லித் தருகிறார்கள். அங்கே அது சரியாக இருக்கலாம். நம் ஊர்த் தெருவில் வளர்ந்த நாயிடம் செய்து பாருங்கள், அடுத்த தெருவில் போய் நிற்கும்.

செவலையோடு பழகி நான் கற்றுக்கொண்டதையும், படித்தும் கால்நடை டாக்டர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டதையும் இங்கே வரிசையாக எழுதுகிறேன். இதற்கெல்லாம் அடியில் ஒரே ஒரு விஷயம்தான் இருக்கிறது. பயந்த நாய்க்கு முதலில் கொடுக்க வேண்டியது தூரம். சோறு, பெயர், பாசம் எல்லாம் அப்புறம். எவ்வளவு தூரம் என்பதையும் நாய்தான் சொல்ல வேண்டும், நாம் இல்லை.

முதல் படி மாட்டாஸ்பத்திரி

பழக்கும் வேலையைத் தொடங்குவதற்கு முன்னால், இது பயம்தானா என்று தெரிய வேண்டும். வலி இருக்கிற நாயும் மூலையில் ஒடுங்கும், கையை நீட்டினால் விலகும், உறுமும். காதில் சீழ், இடுப்பு மூட்டு வலி, பல் வலி, பார்வை மங்கல் எல்லாமே பார்ப்பதற்குப் பயம் மாதிரிதான் இருக்கும். நம் பக்கம் உண்ணிக் காய்ச்சல் சாதாரணம். சோர்ந்து போய் மூலையில் கிடக்கும் நாயைக் 'கூச்ச சுபாவம்' என்று விட்டுவிட்டால், ரத்தம் குறைந்து படுத்த பிறகுதான் விஷயம் தெரியவரும்.

நேற்று வரை நன்றாக இருந்த நாய் திடீரென்று ஒளிந்துகொண்டால், தண்ணீர் குடிக்கத் திணறினால், எச்சில் ஒழுகினால், நடை தள்ளாடினால் அதை யாரும் தொடக் கூடாது. வெறிநோய் எப்போதும் ஆவேசமாகத்தான் தொடங்கும் என்றில்லை. அமைதியாக ஒடுங்கித் தொடங்குவதும் உண்டு. தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கும் என்று நினைத்து வாய்க்குள் கைவிடுவது இந்த நேரத்தில் செய்யக்கூடிய ஆபத்தான காரியம். கடியோ, பல் பட்ட கீறலோ எதுவானாலும் ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். மஞ்சளும் வேண்டாம், சுண்ணாம்பும் வேண்டாம்.

நாய்க்கு மூன்று மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி, அப்புறம் டாக்டர் சொல்கிறபடி வருடா வருடம். இன்னும் தொடவே விடாத நாய்க்கு எப்படி ஊசி போடுவது என்றால், அதற்குத்தான் கீழே இருக்கும் வேலை எல்லாம். செவலைக்கு ஊசி போட எங்களுக்கு மூன்று மாதம் ஆனது. அதுவரைக்கும் குழந்தைகளைத் தோப்புக்குத் தனியாக அனுப்பவில்லை.

பயத்தை வாசிப்பது

வாலை இடுக்கினால் பயம் என்பது எல்லோருக்கும் தெரியும். வால் இடுக்கும் அளவுக்கு வந்துவிட்டதென்றால் அதற்கு முன்னால் நாய் நாலைந்து தரம் சொல்லிப் பார்த்துவிட்டது, நாம்தான் கவனிக்கவில்லை. சாப்பாடே இல்லாதபோது உதட்டை நக்கும். தூக்கம் வராதபோது கொட்டாவி விடும். முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணை மட்டும் நம் பக்கம் வைக்கும், அப்போது கண்ணின் வெள்ளை பிறை மாதிரி தெரியும். முன்னங்கால் ஒன்றைத் தூக்கிக்கொண்டு நிற்கும். வெயிலே இல்லாமல் மூச்சு வாங்கும். நனையாமலே உடம்பை உதறும். தரையில் ஒன்றும் இல்லாவிட்டாலும் எதையோ மோப்பம் பிடிப்பதுபோல் தலையைத் தாழ்த்திக்கொள்ளும்.

இதில் ஏமாற்றுகிறது ஒன்று உண்டு. அசையாமல் நிற்பது. "பாருங்க, தொட்டா ஒண்ணுமே பண்ணல, சமத்தா நிக்குது" என்பார்கள். உடம்பு கட்டை மாதிரி விறைத்து, வாய் மூடி, மூச்சும் தெரியாமல் நிற்கிற நாய் சமத்தாக இல்லை. ஓட வழியில்லாமல் உறைந்து நிற்கிறது. அடுத்து வருவது கடியாக இருக்கலாம்.

உறுமலுக்காக நாயை அடிக்காதீர்கள். உறுமல் என்பது "இதுக்கு மேல வராதே" என்ற எச்சரிக்கை. அதற்கு அடி வாங்கிய நாய் அடுத்த முறை உறுமாமலே கடிக்கும். பயத்தை அப்படியே வைத்துக்கொண்டு எச்சரிக்கையை மட்டும் எடுத்துவிட்டதுதான் அந்த அடியால் கிடைத்த பலன்.

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக்கொள்ளுங்கள். பயப்படும் பொருள் ஒரு பக்கம், எத்தனை அடி தூரத்தில் முதல் அறிகுறி வந்தது என்பது எதிர்ப்பக்கம். என் முதல் வாரக் கணக்கு இது: நான் நின்றால் 25 அடி. உட்கார்ந்திருந்தால் 15. தலையில் துண்டு கட்டிய ஆண்கள் 40. ஹெல்மெட் போட்டவர் 60. கேஸ் சிலிண்டர் சத்தம், கணக்கே இல்லை, ஆளையே காணோம். இந்த நோட்டு இல்லாவிட்டால் 'ஒரு முன்னேற்றமும் இல்லை' என்று இரண்டாவது வாரத்திலேயே மனசு விட்டுப் போகும். 25 அடி 22 ஆனது கண்ணுக்குத் தெரியாது, எழுதி வைத்தால்தான் தெரியும்.

ஒரு மூலை

வீடோ தோப்போ, நாய்க்கென்று ஒரு இடம். அட்டைப் பெட்டி, பழைய சாக்கு, கட்டிலுக்கு அடி, மாடிப்படிக்குக் கீழ், எதுவாக இருந்தாலும் சரி. மூன்று பக்கம் மறைப்பு, ஒரு பக்கம் வெளியேற வழி. அங்கே இருக்கும்போது யாரும் கை விட்டு இழுக்கக் கூடாது, கூட்டிப் பெருக்குவதற்காகக்கூட. இந்தச் சட்டத்தை மீறாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

சங்கிலியில் கட்டிப்போட்டுப் 'பழகட்டும்' என்று விடுவது நம் ஊரில் வழக்கம். பயந்த நாய்க்குக் கையில் இருப்பது ஓட்டம் ஒன்றுதான். அதையும் பிடுங்கிவிட்டு வாசலில் கட்டினால், போகிற வருகிற ஒவ்வொருவரும் அதற்கு எமன்தான். ஓட முடியாதபோது மிஞ்சுவது பல்.

முதல் 3 நாள் மிரட்சி, 3 வாரத்தில் வழக்கம் பிடிபடும், 3 மாதத்தில் வீடு என்று தோன்றும் என்று நாய் வளர்ப்பவர்கள் ஒரு கணக்கு சொல்வார்கள். சாதாரண நாய்க்கு அது ஓரளவு ஒத்துவரும். கல்லடி பட்ட நாய்க்கு அந்த மூன்றுகளைத் தாராளமாகப் பெருக்கிக்கொள்ளுங்கள்.

முதுகுக்குப் பின்னால் விழும் ஈரல்

எனக்கு மிகவும் உதவிய படி இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

நான் முதலில் செய்த தப்பு எல்லோரும் செய்வது. கையில் ஈரலை வைத்துக்கொண்டு "வாடி, வா வா" என்று நீட்டினேன். செவலைக்குப் பசி. கழுத்தை நீட்டி, பின்னங்கால்களை ஓட்டத்துக்குத் தயாராக வைத்துக்கொண்டு, நடுங்கியபடி வந்து கவ்வியது. கவ்வியதும் தலையை நிமிர்த்தினால் எதிரே இவ்வளவு பெரிய ஆள்! பதறி ஓடியது. அடுத்த நாள் இன்னும் பத்து அடி தள்ளி நின்றது. ஆசை இழுத்துக்கொண்டு வந்துவிடும், ஈரல் தீர்ந்த நொடியில் பயம் மட்டும் மிஞ்சும்.

சரியான முறை இதற்குத் தலைகீழ். நாய் வருவதற்கு முன்பே போய் உட்கார்ந்துவிட வேண்டும். அது பார்த்துக்கொண்டிருக்கும்போது குனியவோ உட்காரவோ கூடாது. நேராகப் பார்க்காமல் பக்கவாட்டில் திரும்பி, திண்ணையிலோ நாற்காலியிலோ உட்கார்ந்து செல்போனை நோண்டிக்கொண்டிருங்கள். தீனியை மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள், எடுக்கக் குனிய வேண்டியிருக்காது. நாய் வந்து அதற்கு வசதியான தூரத்தில் நின்றதும் ஒரு துண்டை அதற்குப் பின்னால் விழுகிற மாதிரி மெதுவாகத் தூக்கிப் போடுங்கள். கையை ஓங்க வேண்டாம். ஓங்கிய கை என்றால் கல். முழங்கையை உடம்போடு ஒட்டி வைத்து மணிக்கட்டால் சுண்டிவிட்டால் போதும்.

நாய் திரும்பிப் போய்த் தின்னும். ஒரே துண்டில் அதற்கு இரண்டு லாபம்: ஈரலும் கிடைத்தது, நம்மிடமிருந்து விலகிப் போகவும் முடிந்தது. தின்றுவிட்டுத் திரும்பிப் பார்க்கும். ஆள் அங்கேயே இருக்கிறான், துரத்தவில்லை. இரண்டடி முன்னால் வரும். மறுபடியும் பின்னால் ஒரு துண்டு. வருவது முழுக்க அதன் விருப்பம், அனுப்புவது மட்டும் நாம். பத்து நிமிடம், அல்லது பத்துப் பதினைந்து துண்டு. அப்புறம் நாய் இன்னும் ஆசையாகப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முடித்துவிடுங்கள். எழுந்திருப்பதும் ஒரு கலை. திடீரென்று எழுந்தால் பத்து நிமிட வேலை பாழ். ஒரு கைப்பிடித் தீனியைத் தூரமாக இறைத்துவிட்டு, அது பொறுக்கிக்கொண்டிருக்கும்போது மெதுவாக எழுந்து எதிர்த்திசையில் போக வேண்டும்.

தீனி என்ன? கடையில் விற்கும் பிஸ்கட்டை நான் சிபாரிசு செய்யமாட்டேன், மணமும் குறைவு, மாவும் சர்க்கரையும்தான் அதிகம். வேகவைத்த கோழி ஈரலை நகக்கண் அளவுக்கு வெட்டுங்கள். கறிக்கடையில் மலிவாகக் கிடைக்கும். அல்லது எலும்பில்லாத கோழிக்கறி, வேகவைத்த முட்டை. உப்பு, வெங்காயம், பூண்டு சேர்க்கக் கூடாது. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைக் கெடுக்கும் என்பதால் குழம்பில் கிடந்த கறித்துண்டு கூடாது. திராட்சை, சாக்லேட், வெந்த கோழி எலும்பு இவையும் வேண்டாம். எங்கள் பக்கத்து நாய்கள் எல்லாம் ராகிக் களியில் வளர்ந்தவை, செவலைக்கும் அன்றாடச் சாப்பாடு களியும் மோரும்தான். ஆனால் தினசரி கிடைப்பதற்காக யாரும் பயத்தை அடக்கிக்கொண்டு வரமாட்டார்கள். ஈரல் இந்த வேலைக்கு மட்டும் என்று ஒதுக்கி வையுங்கள்.

தீனியைப் பார்த்தும் தின்னாமல் நின்றால் அடம் என்று நினைக்காதீர்கள். பயம் ஒரு அளவைத் தாண்டினால் வயிறு வேலை செய்யாது. பரீட்சைக்குப் போகும் காலையில் இட்லி இறங்காதே, அது மாதிரி. நீங்கள் அதிகமாகக் கிட்டே வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். பத்தடி தள்ளி உட்காருங்கள்.

தொடுவது

அவசரமில்லை. நாயே வந்து உங்கள் கால், கை, முழங்காலை மோப்பம் பிடிக்கும். அப்போது கையை அசைக்காமல் விடுங்கள். நிறையப் பேர் இந்த இடத்தில்தான் கெடுக்கிறார்கள். மூக்கு பட்டதும் சந்தோஷத்தில் தலையைத் தடவக் கை போய்விடும். தலைக்கு மேலே வரும் கையை எந்தப் பயந்த நாயும் விரும்பாது. பல நாள் மோப்பத்துக்குப் பிறகு, தாடைக்குக் கீழ் அல்லது நெஞ்சில், புறங்கையால், மூன்று விநாடி. பிறகு கையை எடுத்துவிட்டுப் பாருங்கள். இன்னும் கிட்டே வந்தால் "இன்னொரு தரம்" என்கிறது. உதட்டை நக்கினாலோ தலையைத் திருப்பினாலோ "போதும்" என்கிறது. போதும் என்றால் போதும். தன் பேச்சுக்கு மதிப்பு இருக்கிறது என்று தெரிந்த பிறகு செவலை நெருங்கிய வேகம் எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

வண்டி முன்னால், ஈரல் பின்னால்

ஆளோடு பழகியாயிற்று. இனி ஹெல்மெட், தடி, டிராக்டர் என்று ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். மணி அடித்ததும் சோறு என்று பழக்கினால் மணிச் சத்தத்துக்கே நாய்க்கு எச்சில் ஊறும் என்று ரஷ்யாவின் பாவ்லவ் நூறு வருடத்துக்கு முன்னால் காட்டிய அதே விஷயம்தான். ஹெல்மெட் தெரிந்தால் ஈரல் வரும் என்று நாயின் உடம்பு கற்றுக்கொள்ள வேண்டும்.

இதில் வரிசைதான் உயிர். முதலில் ஹெல்மெட் தெரிய வேண்டும், ஒரு விநாடி கழித்து ஈரல் விழ வேண்டும், ஹெல்மெட் மறைந்ததும் ஈரலும் நிற்க வேண்டும். மாற்றிச் செய்தால் விஷமாகிவிடும். ஈரலைக் காட்டி ஏமாற்றிக்கொண்டே ஹெல்மெட்டைக் கொண்டு வந்தால், ஈரலைப் பார்த்தாலே "ஐயோ, ஏதோ வரப்போகிறது" என்று நாய் கற்றுக்கொள்ளும். மருந்தைச் சோற்றில் ஒளித்துக் கொடுத்தவர்களுக்கு இது புரியும். அப்புறம் அந்தச் சோற்றையே தொடாது.

இரண்டாவது, தூரம். ஹெல்மெட்டுக்கு 60 அடியில் செவலை மிரண்டது என்றால் நாங்கள் தொடங்கியது 80 அடியில். என் தம்பி தோப்பு முனையில் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பான், தலையில் போடவில்லை, நடக்கவும் இல்லை. அது சாதாரணமான பிறகு போட்டுக்கொண்டு நின்றான். பிறகு நடந்தான். பிறகு வண்டி, என்ஜின் அணைத்து. பிறகு என்ஜின் ஓட. ஒவ்வொரு படியும் மூன்று நான்கு நாள். ஒரு நாளில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். தூரத்தைக் குறைத்தால் சத்தத்தைக் கூட்டாதீர்கள்.

"ஏன் இவ்வளவு சிரமம், புடிச்சுக் கட்டிப்போட்டு முன்னாடியே நாலு தரம் வண்டிய ஓட்டு, தானா பயம் தெளிஞ்சிரும்" என்று எங்கள் மாமா சொன்னார். 1967இல் செலிக்மன், மேயர் என்ற இரண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள், தப்பிக்கவே முடியாதபடி மின்னதிர்ச்சி பெற்ற நாய்களைப் பற்றி எழுதினார்கள். பிறகு தாண்டி ஓட வழி இருந்தபோதும் அவற்றில் பல ஓடவில்லை. படுத்து முனகின. 'பயம் தெளிந்த' நாய்கள் என்று ஊரில் காட்டுவதில் சிலது இந்த வகை. கிருஷ்ணகிரி மேம்பாலத்துக்கு அடியில் லாரிச் சத்தத்துக்கு நடுவே அசையாமல் கிடக்கிற நாய்கள் எல்லாமே தைரியசாலிகள் என்று நான் இப்போதெல்லாம் நினைப்பதில்லை.

வெடி, பம்பை, யானை

நம் மாவட்டங்களில் சத்தத்துக்குப் பஞ்சமே கிடையாது. தீபாவளி ஒருநாள் கூத்து. பொங்கலுக்குப் பிறகு ஊர் ஊராக எருது விடும் விழா, அதற்கு வெடி. மாரியம்மன் பண்டிகைக்குப் பம்பை. சாவு ஊர்வலத்துக்குச் சரவெடி. பர்கூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் கல் குவாரி வெடி. ராகி முற்றும் சமயத்தில் பன்னேர்கட்டாக் காட்டிலிருந்து ஜவளகிரி வழியாக யானைக் கூட்டம் இறங்கினால், அதை விரட்ட ராத்திரி முழுக்கப் பட்டாசு. தளி, அஞ்செட்டிப் பக்கம் நாய் வளர்ப்பவர்களுக்கு நவம்பரிலிருந்து இரண்டு மூன்று மாதம் தீபாவளிதான். மனிதக் காது 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும், நாயின் காது 45,000 வரை போகும். நமக்குக் கேட்காத சத்தமும் அதற்குக் கேட்கும்.

முன்கூட்டியே செய்ய வேண்டியது: விழாவுக்கு இரண்டு மூன்று மாதம் முன்னால், வெடிச் சத்தப் பதிவைச் செல்போனில் நம் காதுக்குக் கேட்டும் கேட்காத அளவு தணித்து வைத்து, சத்தம் வந்ததும் ஈரல். நாய் காதை லேசாகத் திருப்பி, பிறகு நம்மைப் பார்த்து 'ஈரல் எங்கே' என்றால் சரியான அளவு. நாலு நாளைக்கு ஒருமுறை ஒரு கோடு கூட்டுங்கள். செல்போன் ஒலிபெருக்கியில் நிஜ வெடியின் அதிர்வு வராது என்பதையும் நினைவில் வையுங்கள். இது பாதி வேலைதான்.

அந்த நாளில்: தமிழ்நாட்டில் 2018 முதல் தீபாவளிக்குக் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்றுதான் வெடிக்க நேரம். ஊர் அதைக் கேட்கிறதா என்பது வேறு கதை. இருந்தாலும் திட்டம் போட உதவும். விடியலுக்கு முன்பே வெளிக்குக் கூட்டிப் போய் வந்துவிடுங்கள். மாலைச் சாப்பாட்டை ஐந்து மணிக்கே கொடுத்துவிடுங்கள். ஜன்னல் குறைவான நடு அறை, ஜன்னல் இருந்தால் போர்வை, மின்விசிறி வேகமாக, ரேடியோ. கழுத்தில் செல்போன் எண் எழுதிய பட்டை. வெடிக்குப் பயந்து ஓடும் நாய் எங்கே ஓடுகிறோம் என்று பார்ப்பதில்லை, பக்கத்தில் நான்குவழிச் சாலை வேறு.

நடுங்கும் நாயைத் தேற்றலாமா? "தடவிக் கொடுத்தா பயம் அதிகமாகும்" என்று ஒரு பேச்சு உண்டு. ஆகாது. பயம் ஒரு உணர்ச்சி, செல்லம் கொடுத்தால் வளர்வதற்கு அது அடம் இல்லை. வந்து ஒட்டிக்கொண்டால் கை வையுங்கள், மெதுவாகப் பேசுங்கள். கட்டிலடியிலேயே இருக்கிறேன் என்றால் அங்கேயே விட்டுவிடுங்கள், இழுத்து மடியில் வைக்காதீர்கள்.

இத்தனைக்கும் பிறகு சுவரைப் பிறாண்டி நகம் பிய்கிற அளவு பயம் இருந்தால், அது மருந்து தேவைப்படும் நோய். கூச்சப்படாமல் டாக்டரிடம் போங்கள். டிராசோடோன், கேபாபென்டின் போன்றவற்றை அந்த நாளுக்கு மட்டும் தருவதுண்டு. தினமும் பயத்தில் வாழும் நாய்க்கு ஃப்ளூஆக்ஸெடின் போன்ற நீண்டகால மருந்து உண்டு, வேலை செய்ய சில வாரம் பிடிக்கும். அளவை எடை பார்த்து அவர்தான் சொல்ல வேண்டும். அசிப்ரோமசின் மட்டும் கொடுப்பதாகச் சொன்னால் ஒரு கேள்வி கேளுங்கள். அது உடம்பைச் சாய்த்துவிடும், உள்ளே பயம் அப்படியே இருக்கலாம். வீட்டில் பாட்டிக்கு வாங்கிய தூக்க மாத்திரையை உடைத்துக் கொடுக்கவே கூடாது.

கயிறு

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கழுத்துப் பட்டையிலிருந்து பயந்த நாய் பின்னால் இழுத்துத் தலையை உருவிக்கொண்டு போய்விடும். நெஞ்சைச் சுற்றி மாட்டும் ஹார்னஸ், அதோடு கழுத்துப் பட்டை, இரண்டுக்கும் தனித்தனிக் கயிறு. முதலில் வீட்டுக்குள் சாப்பிடும்போது பக்கத்தில் கிடக்கட்டும், அப்புறம் உடம்பில் வைத்து எடுப்பது, கடைசியில் பக்கிள் மாட்டுவது. அந்தக் 'கிளிக்' சத்தத்துக்கே தனியாக இரண்டு நாள் கொடுங்கள். முதல் நடை விடியற்காலையில், ஆளில்லாத வயல் வரப்பில். போச்சம்பள்ளிச் சந்தைக்கு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போய் 'உலகம் காட்டுகிறேன்' என்று கிளம்பாதீர்கள்.

வருகிறவர்கள்

நாயைவிட மனிதர்களைப் பழக்குவது கஷ்டம். "எனக்கு நாய்னா ரொம்ப இஷ்டங்க, என்கிட்ட எல்லா நாயும் வரும்" என்று சொல்லிக்கொண்டே வருபவர்தான் எனக்குப் பெரிய தொந்தரவு. அவருக்கு ஒரே வேலை கொடுங்கள்: "அண்ணா, அதைப் பார்க்காதீங்க, பேசாதீங்க. இந்த ஈரலை மட்டும் அப்பப்ப அதுக்குப் பின்னாடி போடுங்க." வேலை கொடுத்தால் கை நாயைத் தொடப் போகாது. குழந்தைகள் வந்தால் நாயை வேறு அறையில் விட்டுக் கதவைச் சாத்திவிடுங்கள். குழந்தையும் பயந்த நாயும் ஒரே இடத்தில், பெரியவர் யாரும் இல்லாமல், ஒரு நிமிடம்கூட வேண்டாம்.

அப்புறம் அந்தப் பேச்சு. "காவலுக்கு ஆகாத நாய், எதுக்குச் சோறு?" பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் கேட்டார். எங்களுக்குப் பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்தில், எடுத்தனூர் என்ற ஊரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. தொறு, அதாவது கால்நடைக் கூட்டம், மீட்கப் போரிட்டு இறந்த வீரனோடு, திருடர்களைக் கடித்துக் காத்து நின்ற கோவிவன் என்ற நாயையும் அதில் செதுக்கியிருக்கிறார்கள். அந்தக் கல்லை நினைத்துக்கொண்டுதானோ என்னவோ, எல்லா நாயும் கோவிவனாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். பெரியவருக்கு நான் சொன்ன பதில்: "ஐயா, ராத்திரி யார் வந்தாலும் இதுதான் முதல்ல ஓடும். ஓடுற சத்தத்துல நாங்க முழிச்சுக்கறோம்." சிரித்துவிட்டார்.

குட்டியாகக் கிடைத்தால்

மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய 12 முதல் 14ஆவது வாரம் வரைக்கும் குட்டியின் மனசு திறந்திருக்கும். அதற்குள் பார்த்தது உறவு, பார்க்காதது பூதம். அமெரிக்காவின் பார் ஹார்பரில் ஸ்காட், ஃபுல்லர் இருவரும் 1950, 60களில் வருடக்கணக்காக நாய்க்குட்டிகளை வளர்த்துப் பார்த்துச் சொன்னது இது. நம் பக்கம் தோட்டத்து வீட்டில் பிறந்த குட்டி ஒரு குடும்பத்தை மட்டுமே பார்த்து நாலு மாதம் வளரும். பிறகு ஓசூரில் அடுக்குமாடி வீட்டுக்குப் போனால் லிஃப்ட்டைப் பார்த்தாலே ஒன்றுக்கு விட்டுவிடும். ஆகவே குட்டியைத் தடுப்பூசி முடியும் வரை தரையில் விடாமல், கையில் தூக்கிக்கொண்டு, தினமும் ஒரு புது ஆள், ஒரு புதுச் சத்தம். குடை, தலைப்பாகை, தடி, பர்தா, சக்கர நாற்காலி, குக்கர் விசில். பயந்தால் தள்ளிப் போய் நின்று காட்டுங்கள்.

எல்லாமே வளர்ப்பில் வருவதும் இல்லை. ஆர்கன்சாஸில் மனிதரைக் கண்டால் உறைந்து நிற்கும் பாயின்டர் நாய் வம்சம் ஒன்றைப் பல தலைமுறை வளர்த்து ஆராய்ந்தார்கள், பயம் ரத்தத்திலும் வருகிறது என்று தெரிந்தது. நம் நாட்டு இனங்களில் கன்னி நாய்க்குக் கூச்சம் கொஞ்சம் அதிகம் என்று வளர்ப்பவர்கள் சொல்வார்கள். உங்கள் நாய் அடியே வாங்காமலும் பயந்ததாக இருக்கலாம், யாரோ கொடுமைப்படுத்தினார்கள் என்று கதை கட்ட வேண்டியதில்லை. வேலை ஒன்றுதான்.

சறுக்கல்

ஏழாவது மாதம் எங்கள் தெருவில் ஒரு கல்யாண ஊர்வலம். காலையில் குவாரி வெடி, மதியம் தெரியாத ஆட்கள் மரம் வெட்ட வந்திருந்தார்கள், சாயங்காலம் பேண்டு வாத்தியம். தனித்தனியாக வந்திருந்தால் செவலை மூன்றையும் தாங்கியிருக்கும். ஒரே நாளில் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறியதும் ராத்திரி என்னையே பார்த்து உறுமியது. அந்த மாதிரி நாளுக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் எந்தப் பயிற்சியும் வேண்டாம். நடை வேண்டாம், விருந்தாளி வேண்டாம். தூங்கவும் எலும்பு கடிக்கவும் விடுங்கள் (பச்சை எலும்பு, வெந்தது இல்லை, அதுவும் நாம் பக்கத்தில் இருக்கும்போது). பிறகு நோட்டைத் திறந்து, கடைசியாக வெற்றி பெற்ற தூரத்திலிருந்து தொடங்காமல், அதற்கும் இரண்டு படி பின்னால் போய்த் தொடங்குங்கள். முதல் முறை ஒரு மாதம் எடுத்தது இப்போது நாலு நாளில் வரும்.

இன்றைய தேதிக்கு என் நோட்டில் இருப்பது: நான், பூஜ்யம் அடி, தூங்கும்போது என் செருப்பின் மேல் தலை. குனிந்தால், 3 அடி, ஆனால் ஓடுவதில்லை, பார்க்கிறது. துண்டு கட்டியவர்கள் 6. ஹெல்மெட் 10. கேஸ் சிலிண்டர் இன்னமும் 50 அடி, இரண்டு வருடமாக ஒரு அடி குறையவில்லை. சிலிண்டர் போடும் பையனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். உருட்டாமல் கேட்டிலேயே இறக்கிவிட்டு போன் பண்ணுகிறான், நான் போய்த் தூக்கிக்கொண்டு வருகிறேன்.